தான் வைத்த பெயரைத் தானே எடுத்தவர்

அதியமான்கோட்டை நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த பிலோமினா அக்காவின் தம்பி அந்தோணி போன் செய்தார். நெடுஞ்சாலையில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்ததால் அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை. "என்னாங்க, சத்தமா சொல்லுங்க" என்றேன். "அக்கா முடிஞ்சிட்டாங்க மேடம்" என்று அவர் கத்த வேண்டியதாயிற்று. அந்தச் சாவுச் செய்தியை இரண்டு முறை சொல்ல வைத்தது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

சற்று நேரம் கழித்து அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள், பெயருக்குக் கீழே என்ன போடுவது? "டாக்டர்னு போட்டா ஊசி போடற டாக்டர்னு நெனச்சுக்குவாங்க மேடம். எங்கூர்ல பாதிப் பேரு இப்பவும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. புல்லு ஆராய்ச்சின்னு போட்டா சிரிப்பானுங்க." தாவரவியல் பேராசிரியர் என்று போடச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ "தாவரம், தாவரம்... ஆமா, செடிதான்டா" என்று சொல்வது கேட்டது.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் தர்மபுரியில் எங்கள் கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள், அல்லது அவரோடு வேலை பார்த்தவர்கள். அவரைப் பற்றி நீங்கள் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். காப்பாற்ற முடிந்த சுனைக்கரடு என்ற பாறைக் குன்றைக் காப்பாற்றாமல் விட்டவர் என்கிறார்கள் சிலர். உண்மைக்காக எல்லாவற்றையும் இழந்தவர் என்கிறார்கள் சிலர். இரண்டாவதைச் சொன்னவர்களுக்குத்தான் அவரிடம் அதிகம் திட்டு விழுந்திருக்கும். நான் ஒரே துறையில் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவள். பார்த்ததைப் பார்த்தபடி எழுத முயல்கிறேன்.

அவருடைய குடும்பம் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் கத்தோலிக்கக் குடும்பம். விடுமுறை நாட்களில் மண்டிக்குப் பெட்டி ஏற்றும் வேலையும் செய்வார், திங்கட்கிழமை வந்து புல் இனங்களைப் பற்றிப் பாடமும் எடுப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "மண்டியில வெல சொல்றாப்பல சொன்னாங்க, எனக்குக் கட்டுப்படியாவல" என்று சிரிப்பார். அதற்கு மேல் கேட்க விடமாட்டார்.

அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்தது ஒரே ஒரு பேரினத்தை. சிம்போபோகன் என்று பெயர். வீட்டில் டீயில் கிள்ளிப் போடும் எலுமிச்சைப்புல் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். நம் கரடுகளில் தானாக வளர்பவை அதன் வேறு இனங்கள். மழை முடிந்தபின் ஆள் உயரத்துக்கு எழுந்து பூக்கும். ஒரு தூர் பல வருடம் உயிரோடிருக்கும். மேலே எல்லாம் காய்ந்து போனாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். கதிர்கள் இரட்டை இரட்டையாக வரும், ஒவ்வொரு இரட்டைக்கும் கீழே படகு போல ஒரு மடல் இருக்கும். இதைப் பார்த்ததும் பேரினம் தெரிந்துவிடும். அதற்குள் எந்த இனம் என்று பிரிப்பதுதான் தொல்லை. சிறுகதிரை மூடியிருக்கும் உமி தட்டையா, நடுவில் பள்ளமா? உமியின் நுனியில் நீட்டியிருக்கும் மீசை நீளமா, குட்டையா? இலையின் அடி அகன்று வட்டமாக இருக்கிறதா, குறுகிப் போகிறதா? இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் இரண்டு இனங்களுக்கும் நடுவில் எதிலும் சேராமல் ஒரு செடி நிற்கும். முன்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போனதில் ஒரே புல் நாலைந்து பெயர்களில் புத்தகங்களில் கிடக்கிறது. அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளுவதுதான் தன் வேலை என்பார்.

வாசனையை வைத்துப் பிரித்துவிடலாமே என்று எல்லா மாணவர்களும் முதல் நாள் கேட்பார்கள். ஒன்று எலுமிச்சை போல, ஒன்று சுக்கு போல, ஒன்று ரோஜா போல மணக்கிறதே! அவருடைய பதில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "மூக்கு சாட்சி சொல்லும். தீர்ப்பு சொல்ற வேல அதுக்கில்ல." மண் மாறினால் வாசனை மாறும், மாதம் மாறினால் மாறும். ஒருமுறை அரூரிலிருந்து வரும்போது புல் கட்டுகளைப் பேருந்தின் பின்சீட்டில் அடுக்கியிருந்தோம். நடத்துனர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "என்னாங்கம்மா, பஸ்ஸு பூரா குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குது. சோப்புக் கம்பெனியா?" என்றார். "இல்லீங்க, இதுக்கு இன்னும் பேரே தெரியல. உங்க மூக்குல என்ன வாசம் வருது?" என்று இவர் கேட்டார். நடத்துனர் யோசித்து, "எங்க மாமியாரு ஊரு வாசம்" என்றார். அக்கா அதைக் களக்குறிப்பில் எழுதிக்கொண்டார். துறையின் உலர்தாவரத் தொகுப்பில், அந்தப் புல்லை ஒட்டிய தாளில் அது இன்றும் இருக்கிறது.

சுனைக்கரட்டுக்கு முதலில் போனபோது நானும் உடன் இருந்தேன். தீர்த்தமலையிலிருந்து பார்த்தால் தெற்கே தனியாகத் தெரியும் பாறைக்கரடு. உச்சிக்குக் கீழே ஒரு சுனை உண்டு. அதன் கசிவில்தான் அடிவாரத்து ஊரின் கிணறுகள் ஊறின. மழைக்காலம் முடிந்து புல் பூத்திருந்த நேரம். புல் ஆராய்ச்சி செய்யும் நாங்கள் எப்போதும் அந்த நேரத்தில்தான் போவோம். பூ இல்லாத புல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் தேர்வு, விடைத்தாள் திருத்தம், வெயில். அதனால் கோடையில் எந்தக் கரடு எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரட்டின் கிழக்குச் சரிவில் இருந்த புல்லைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். இடுப்பு உயரம்கூட இல்லை. இலை நீலம் பூசியது போல இருந்தது. தூரின் அடி கட்டை மாதிரி தடித்து இறுகியிருந்தது. கதிர்கள் நெருங்கிக் குட்டையாக, மீசை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சிறியதாக. அந்தச் சரிவு முழுவதும் அப்படியே. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து ஒரு கதிரை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சுமதி, இத எங்கயும் நான் பாத்ததில்ல" என்றார்.

கீழே இறங்கியபோது ஆடு ஓட்டிக்கொண்டு கரட்டில் ஏறிவந்த மாதையன் எதிர்ப்பட்டார். கரட்டை ஒட்டி மரவள்ளி போட்டிருந்தவர். ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அக்கா அவரிடம் வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டார். ஆடு அங்கே மேயுமா, யாராவது புல் அறுப்பார்களா, தீ வைப்பார்களா?

"தீயா? சேச்சே, அதெல்லாம் கெடயாதுங்க. சாமி கரடுங்க அது. செருப்பு போட்டுக்கூட ஏற மாட்டோம்" என்றார் மாதையன். அவர் காலில் செருப்பு இருந்தது. எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

அதன்பின் சில வருடங்கள் நாட்டிலுள்ள பெரிய தொகுப்புகளுக்கெல்லாம் போய்ப் பழைய தாள்களோடு ஒப்பிட்டார். ஒத்துப் போகவில்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி அந்தக் கரட்டின் பெயரையே புல்லுக்கு வைத்தார். வேறெங்கும் இல்லாதது, தீ படாத பாறைச் சரிவில் மட்டும் வளர்வது என்று அதில் எழுதியிருந்தார். கட்டுரை அச்சில் வந்த அன்று துறைக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். அவர் எதற்காகவும் இனிப்பு வாங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு கரட்டைக் கல் குவாரிக்குக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. மாதையனும் ஊர்க்காரர்கள் சிலரும் கல்லூரிக்குத் தேடிக்கொண்டு வந்தார்கள். யாரோ படித்த பையன் இணையத்தில் கரட்டின் பெயரைத் தேடியபோது அக்காவின் கட்டுரை கிடைத்திருக்கிறது. உலகத்திலேயே அங்கே மட்டும் இருக்கும் புல் என்றால் கரட்டில் கை வைக்க முடியாது என்று ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் எழுதிவந்த மனுவின் முதல் பக்கமே புல்லைப் பற்றித்தான். சுனை பற்றி, கிணறு பற்றி, ஒரு வரிகூட இல்லை.

"தண்ணியப் பத்தி எழுதலீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அது எல்லா ஊர்லயும் சொல்றதுதானுங்க மேடம். யாரு கேக்கறா? இதுன்னா பேரு இருக்குது, புஸ்தகத்துல இருக்குது. நீங்க இருக்கீங்க" என்றார் மாதையன். அதிலிருந்து ஊரில் அவருக்குப் புல்லு மேடம் என்று பெயர். ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். "சர்ச்சுக்குப் போறவங்களக் கூப்ட்டு ஒக்கார வெச்சிருக்கமே, ஆத்தாளுக்குக் கோவம் வராதா?" என்று ஒரு பெண் கேட்க, "கரட்டக் காப்பாத்துனா ஆத்தாளே எந்திரிச்சி எடம் குடுப்பா, நீ சும்மா இரு" என்று இன்னொருத்தி அடக்கினாள்.

ஒரு பங்குனி மாதம். குவாரி பற்றி அதிகாரிகள் ஊரில் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குக் காட்டச் சரிவைப் படம் எடுத்து வரலாம் என்று அக்கா கிளம்பினார். அந்த வருடம் தேர்வு தள்ளிப் போயிருந்ததால் நானும் போனேன். எங்கள் வாழ்க்கையில் கோடையில் ஒரு கரட்டுக்குப் போனது அதுதான் முதல்முறை. கிழக்குச் சரிவு முழுவதும் கரியாக இருந்தது. காற்றில் சாம்பல் பறந்தது. எரிந்த தூர்களின் நடுவில் நீலப்பச்சையாய்த் துளிர்கள் வந்திருந்தன. அக்கா குனிந்து ஒரு தூரைப் பிடுங்கி அடியைப் பார்த்தார். கட்டை மாதிரி தடித்திருந்தது, அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் கருகியிருந்தது. ஒரு வருடத்துத் தீ அல்ல அது.

மாதையன் கீழே கிணற்றடியில் இருந்தார். அக்கா கரி படிந்த கையோடு போய் நின்றார். "வருசா வருசம் வெப்பீங்களா?"

அவர் முதலில் வேறெங்கோ பார்த்தார். பிறகு, "மாசிக் கடசில வெப்போங்க. ஒரு மழ விழுந்தாப் போதும், துளிரு வரும். ஆட்டுக்கு வேணுமில்ல? எங்கப்பன் காலத்துல இருந்தே வெக்கறதுதான்" என்றார்.

"அன்னிக்கு இல்லன்னீங்களே?"

"ரெண்டு பொம்பளைங்க, கையில பையி, கத்தி, டேப்பு. பாரஸ்ட்டுக்காரங்கன்னு நெனச்சோமுங்க. போன வருசந்தான் பக்கத்தூர்ல தீ வெச்சான்னு ரெண்டு பேரப் புடிச்சிட்டுப் போனாங்க. உங்ககிட்டப் போயி ஆமான்னு சொல்லுவமா?" பிறகு அவர் முகம் மாறியது. "ஏங்க, அதனால எதாச்சும் ஆவுதா?"

அக்கா திரும்பிச் சரிவில் ஏறினார். சாக்கில் சில தூர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டார். வரும் வழியில் சாலையோரத்தில் எங்கும் வளரும் சாதாரண வாசப்புல்லிலும் சில தூர்களை எடுத்தார். இரண்டையும் துறைக்குப் பின்னால் ஒரே மண்ணில் பக்கம் பக்கமாக நட்டார். தீ இல்லை, ஆடு இல்லை, ஒரே தண்ணீர். உங்களில் சிலர் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். எதற்கு என்று அப்போது தெரிந்திருக்காது.

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, குவாரிக் கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. முதல் மழைக்குப் பிறகு கரட்டுப் புல் சற்று உயர்ந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது நீலம் போய்விட்டது. கதிர் நீண்டு தளர்ந்தது, மீசை வந்தது. எது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்த தகரத் துண்டுகளைக் கழற்றிவிட்டால் யாராலும் பிரிக்க முடியாது. உமிகளை ஊறவைத்து நாளெல்லாம் லென்ஸின் கீழ் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே புல். தீயும் ஆடும் பாறையும் சேர்ந்து குறுக்கிவைத்திருந்த புல்.

"சரி, எடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

எங்கள் துறையில் ஒரு பெயரை எடுப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பெயர் அழியாது. சரியான பழைய பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், இதுவும் அதுவே என்று, என்றென்றும் இருக்கும். யார் வைத்தார்கள் என்பதும் இருக்கும். தவறு நம் பெயரோடு சேர்ந்தே அச்சில் நிற்கும். அதனால் பலரும் தாங்கள் வைத்ததைத் தாங்களே எடுப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

நான் அவரோடு சண்டை போட்டேன். "எடுங்க, வேண்டாம்னு சொல்லல. கூட்டம் முடியட்டும். புல்லு எங்க ஓடிப் போவப் போவுது?" என்றேன்.

"கூட்டத்துல எந்திரிச்சி அந்தப் பேரச் சொல்லப் போறது யாரு? நீயா?"

"போவாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நான் போவலன்னாலும் என் கட்டுரையக் காட்டுவாங்க. அது பேசும். நான் வூட்ல படுத்துக்கிட்டே பொய் சொல்ற மாதிரி."

"ஒரு ஊரோட தண்ணி அக்கா. ஒரு புல்லு பேருல என்ன பெரிய பொய்யி?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் இவ்ளோ நாளா பண்ணது அந்தப் பேரு வேலதான் சுமதி. அதுல பெருசு சின்னது பாத்தா எனக்கு வேற வேலையே இல்ல" என்றார். அதன்பின் கூட்டம் முடியும்வரை நாங்கள் துறை வேலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அவர் தனியாக ஊருக்குப் போய் மாதையனிடம் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று என்னிடம் சொன்னதில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், ஒருபுறம் குவாரி எடுக்க வந்தவர்கள், மறுபுறம் ஊர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்து மைக்கைப் பிடித்தார். அந்தப் புல் புது இனம் என்று தான் எழுதியது தவறு, எங்கும் இருக்கும் புல்தான் அது, திருத்தம் அனுப்பியாகிவிட்டது என்றார். ஊர்ப்பக்கமிருந்து சத்தம் எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. புல் புதிதாக இல்லாவிட்டாலும் சுனை இருக்கிறது, இத்தனை கிணறுகள் அதை நம்பி இருக்கின்றன, அதற்காகக் கரட்டை விட்டுவிட வேண்டும் என்று தொடர்ந்தார். யார் காதிலும் விழவில்லை. குவாரிக்காரர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மேடமே சொல்லிட்டாங்க, அப்பறம் என்ன?" என்றார். தண்ணீர் பற்றி மனுவில் எதுவும் இல்லையே என்று மேடையில் ஒருவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அது உண்மை. மனுவில் இருந்தது புல் மட்டும்தான்.

வெளியே வரும்போது ஒரு பெண் அக்காவின் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். "எவ்ளோ வாங்குன?" என்று இன்னொருவர் கேட்டார். அவர் புடவையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கூட விடவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அனுமதி வந்தது. வெடி வைத்தார்கள். அடுத்த கோடையில் சுனை நின்றது. அதற்கடுத்து கிணறுகள். மாதையன் ஆடுகளை விற்றுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலைக்குப் போனார். அக்கா விடாமல் மாதம் ஒருமுறையாவது அந்த ஊருக்குப் போய்வந்தார். கிணறு கிணறாகத் தண்ணீர் மட்டத்தை அளந்து யார் யாருக்கோ எழுதினார். ஊரில் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "புல்லு மேடம் வந்துட்டாங்க, கெணத்துல புல்லு மொளச்சிருக்கான்னு பாக்க" என்று பின்னால் பேசுவார்கள். கேட்டுக்கொண்டே கயிற்றை இறக்குவார். ஒரு மாதத்திலிருந்து கயிற்றின் முனை நனையாமலே மேலே வந்தது. அதற்குப் பிறகும் போனார்.

கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. தம்பி வீட்டில் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. வலி கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு நேரம், கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "வருத்தம் இருக்காக்கா?"

"இருக்கு. தெனமும் இருக்கு." மூச்சு வாங்கினார். "வருத்தம் இருக்குங்கறதால செஞ்சது தப்புன்னு ஆயிருமா? இல்ல, சரியாச் செஞ்சா வருத்தம் வரக் கூடாதா? நீயே சொல்லு, எனக்குப் பிரிக்கத் தெரியல."

அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "ஒண்ணு மட்டும் எழுதி வெச்சுக்க. எங்க போனாலும் பூ இருக்கறப்ப ஒருக்கா, பூ இல்லாதப்ப ஒருக்கா போங்க. பேரு வெக்கறதுக்கு முன்ன நான் ஒருக்காதான் போனேன்" என்றார். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கப் பூசைக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக ஒருவர் காவலாளிச் சீருடைச் சட்டையோடு வந்து மண் போட்டாரே, அவர்தான் மாதையன். இரவு வேலை முடிந்து ஓசூரிலிருந்து நேராக வந்திருந்தார். கூட்டம் கலைந்தபின் என் அருகில் வந்து நின்றார்.

"கூட்டத்துக்கு மொத நாளு வூட்டுக்கு வந்து சொன்னாங்களே, அன்னிக்கு அடிச்சிரலாமான்னு வந்துச்சுங்க எனக்கு" என்றார். "வாயே தொறக்காம இருங்க, அது போதும்னு கால்ல விழுந்தேன். முடியாதுன்னுட்டாங்க. எங்கூட்டுக்காரி சோத்தப் போட்டு வெச்சிருந்தா. தின்னுட்டுத்தான் போனாங்க. நானுந்தான் பக்கத்துல ஒக்காந்து தின்னேன்."

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களாங்க?"

"மாட்டேன்" என்றேன். பொய் சொல்ல அது இடம் இல்லை.

அவர் தலையாட்டினார். எனக்கு நன்றி சொல்வார் போல ஒரு கணம் தோன்றியது. அவர் சொன்னது வேறு. "நான் மொதல்லயே தீ வெக்கறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க பேரே வெச்சிருக்க மாட்டாங்க. பேரு இல்லாட்டி நாங்களும் அத நம்பி ஒக்காந்திருக்க மாட்டோம். தண்ணிதான்னு நின்னிருப்போம். ஊரே ரோட்டுல ஒக்காந்திருக்கும். ஜெயிச்சிருப்பமான்னு தெரியாதுங்க. ஆனா எங்களோடதச் சொல்லித் தோத்திருப்போம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

எங்கள் தொகுப்பில் உள்ள புற்களின் பெயர்களையெல்லாம் மறுபடி சரிபார்க்கும் வேலை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய அறிஞர்கள் பெயரிட்டுக் கையெழுத்துப் போட்ட தாள்கள், நான் கையெழுத்துப் போட்டவை, எல்லாவற்றிலிருந்தும் ஒரு சிறுகதிரை எடுத்து ஊறவைத்துப் பார்க்கிறேன். பிலோமினா அக்காவின் கையெழுத்து உள்ள தாள் வந்தால் பார்ப்பதில்லை. அப்படியே திருப்பிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். இது முறையில்லை. அவரே கண்டால் என் கையிலிருந்து பிடுங்கி ஊறவைப்பார். ஆனாலும் அந்தக் கையெழுத்தைச் சந்தேகப்பட என்னால் முடியவில்லை. தவறாக இருந்திருந்தால் அவரே வந்து அடித்துத் திருத்தியிருப்பார், அதனால் யார் வீட்டுக் கிணறு வற்றினாலும் திருத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நம்பிக்கை ஒன்றுதான். இதைச் சந்தோஷத்தோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. கீழே வைக்கவும் மனம் வரவில்லை.